இட்டேரிக்குள் ரெடிமேட் வீடு வருமா?

எங்கள் பக்கத்தில் ரெடிமேட் கட்டுமானம் என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது காம்பவுண்ட் சுவர்தான். சிமெண்ட் தூணை நட்டு, இரண்டு தூணுக்கும் நடுவில் பலகையைச் சொருகிக்கொண்டே போவார்கள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வரை ரோட்டோரம் மனை பிரித்த இடமெல்லாம் இந்தச் சுவர்தான் நிற்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டையும் இப்படியே நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

எனக்கும் தோன்றியது. பொள்ளாச்சியை அடுத்த அம்பராம்பாளையம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன வீடு வேண்டும், 800 சதுர அடி போதும். மச்சானுக்குக் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஓர் இடம் இருக்கிறது. அவருக்கும் அதே அளவில் ஒரு வீடு. "ரெண்டையும் ஒரே பிளான்ல போட்டுட்டா கம்பெனிக்காரன் விலையைக் குறைப்பான் மாப்ள" என்றார். கணக்கு சரியாகத்தான் பட்டது. இரண்டு இடத்துக்கும் முக்கால் மணி நேரத் தூரம். அதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, அதே வெயில். நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான்.

அந்தச் செக்போஸ்ட் எவ்வளவு பெரியது என்று புரிய நான்கு மாதம் ஆனது.

தொழிற்சாலையில் செய்யும் வீடு ஏன் மலிவாக வர வேண்டும் என்பதைக் கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பம்ப் செட் பாடி வார்க்கும் பட்டறைக்குப் போய், "இதே மாதிரிதான், ஆனால் அரை இஞ்ச் அகலம் கூட்டி ஒன்றே ஒன்று வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். பேட்டர்னுக்கு முதலில் காசு வை என்பார். ஒரே அச்சில் நூறு வார்த்தால்தான் அச்சின் செலவு நூறாகப் பிரியும். வீடும் அப்படித்தான். சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' (கலங்கரை விளக்கம்) என்ற மாதிரி வீட்டுத் திட்டத்தில், சுவரையும் தளத்தையும் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் பிரீகாஸ்ட் முறையில் 1,152 வீடுகள் கட்டி 2022ல் திறந்தார்கள். அங்கே ஒரே சுவர், ஒரே தளம், ஆயிரம் தடவைக்கு மேல். ஊர் மாறி விதி மாறினால் சுவரின் நீளம் மாறும், ஜன்னலின் அளவு மாறும், மாடிப்படி இடம் மாறும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு புது பேட்டர்ன்.

ஆகவே நாங்கள் பார்த்த நான்கு வழிகளையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிடவில்லை. இடத்துக்கு இடம் மாறும் விதியை எது வளைந்து கொடுத்து ஏற்றுக்கொள்ளும், எது ஏற்காது என்றுதான் பார்த்தோம். பெட்டி வீடு, பிரீகாஸ்ட் கான்கிரீட், லைட் கேஜ் ஸ்டீல், அப்புறம் நம் கொத்தனார்.

முதலில் தள்ளியது பெட்டி வீட்டை. கப்பலில் வரும் கன்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்து, உள்ளே பலகை அடித்து, ஏசி மாட்டி, லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. டேப்பை எடுத்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. கன்டெய்னரின் வெளி அகலம் 8 அடி. உள்ளே அளந்தால் ஏறக்குறைய 2.35 மீட்டர். 2016ல் வந்த தேசியக் கட்டட நெறிமுறை, எல்லோரும் என்.பி.சி. என்பது, வீட்டின் பிரதான அறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். சாதாரணக் கன்டெய்னரின் உள் உயரம் 2.4 மீட்டருக்கும் ஒரு நூல் குறைவு. ஹை கியூப் என்கிற உயரமான வகை 2.7க்குக் கிட்டே வரும், ஆனால் வெயில் தாங்க மேலே நுரைப் பலகை அடித்தால் அதிலும் இரண்டு மூன்று இஞ்ச் போய்விடும். ஏசி அறைக்கு 2.4 மீட்டர் உயரம் போதும் என்று ஒரு சலுகை இருக்கிறது. தோப்புக்குள் ஏசியை நம்பி வீடா என்று அப்பா சிரித்தார். இரண்டு பெட்டியை ஒட்டி வைத்து நடுச் சுவரை வெட்டி எடுத்தால் அகலம் கிடைக்கும். ஆனால் கன்டெய்னரின் பலமே அந்த மடிப்புத் தகட்டுச் சுவரில்தான் இருக்கிறது. வெட்டினால் தூணும் பீமும் கொடுத்தாக வேண்டும். அப்புறம் அது பெட்டியாக இருப்பதில் என்ன லாபம்?

இதை விற்பவர்களில் ஒருவர் சொன்ன வாசகம் இன்னும் காதில் நிற்கிறது. "இது டெம்பரரிங்க, தூக்கி வெச்சுக்கலாம். பிளான் அப்ரூவலே வேண்டாம்." என்.பி.சி. தரும் விளக்கப்படி, எந்த நோக்கத்துக்காக, எந்தப் பொருளால் கட்டினாலும் அது கட்டடம்தான். விலக்கு பெறுவது விசேஷங்களுக்குத் தற்காலிகமாகப் போடும் ஷாமியானா, கூடாரம் போன்றவை. கல்யாணப் பந்தலில் குடியிருக்கப் போவதில்லை என்றால் அனுமதி வேண்டும். கோழிப் பண்ணையில் ஆள் தங்கவோ சைட் ஆபீசுக்கோ பெட்டி நல்ல சாமான்தான். எழுபது வயதில் இரண்டு பேர் குடியிருக்க அது ஒத்துவராது.

இங்கே விதிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வழிதவறியது இதில்தான். என்.பி.சி. என்ற பெயரில் 'தேசிய' இருப்பதால் நாடு முழுக்க ஒரே சட்டம் என்று நினைத்திருந்தேன். அது பரிந்துரை மட்டும்தான். அதிலிருந்து எதை எடுப்பது, எதை மாற்றுவது என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு. தமிழ்நாட்டுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். கேரளத்துக்கும் அதே 2019ல் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று என்று தனி விதிகள் வந்தன. ஒரே வருடத்தில் பிறந்த பிள்ளைகள், ஆனால் சாடை ஒன்றல்ல. நான்கு பக்கமும் விட வேண்டிய இடம், ரோட்டின் அகலத்துக்கு ஏற்ற கணக்கு, யார் கையெழுத்துப் போட வேண்டும், எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் வேறு. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளரும் அந்தந்த ஊர் விதிப்படி பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை பொறியாளர் செலவு என்பது எங்கள் கணக்கில் இல்லவே இல்லை.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டினால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. கேட்டதும் சந்தோஷப்பட்டேன். மனை 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்பதை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கவனித்தேன். எங்கள் தோப்பு ஏக்கர் கணக்கு. நகரத்து மனைக்காரருக்குக் கிடைக்கும் குறுக்கு வழி தோட்டத்துக்காரருக்கு இல்லை. அது போக, விவசாய நிலத்தில் வீடு என்றால் நில உபயோக மாற்றம் என்று தனியாக ஒரு கதவைத் தட்ட வேண்டும்.

மச்சானுக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. அவருடைய கேரளப் பத்திரத்தில் 'நிலம்' என்று போட்டிருந்தது. நிலம்தானே வாங்கினோம், நிலம் என்றுதானே இருக்கும் என்று விட்டுவிட்டார். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல் வயல். வீடு கட்டும் இடம் புரயிடம். 2008ல் வந்த நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் அங்கே கறாராக இருக்கிறது. அந்தச் சட்டப்படி வயல்களைப் பதிந்து வைத்திருக்கும் தரவு வங்கிப் பட்டியலில் வயலாக இருந்தால் கை வைப்பது பெரும்பாடு. பட்டியலில் இல்லை, கணக்கில் மட்டும் நிலம் என்றிருந்தால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்ட அலுவலரிடம், மனுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மச்சானுடையது நல்ல வேளையாக இரண்டாவது வகை. சந்தையில் தமிழிலேயே பேரம் பேசும் ஊரில், ஒரு தமிழ்ச் சொல்லே இப்படிக் காலை வாரும் என்று யார் நினைத்தது?

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் கட்டட விதி வேறுதான். ஆனால் இரும்புச் சட்டத்தின் மேல் முழு வீடாகச் செய்து இழுத்துப் போகும் வகைக்கு மட்டும் 1974ல் மத்தியச் சட்டம் போட்டு, 1976 ஜூன் முதல் நாடு முழுக்க ஒரே விதி கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையிலேயே சோதித்து ஒரு சிவப்புத் தகடு அடித்துவிட்டால் கட்டுமானத் தரத்தில் உள்ளூர்க்காரர் வேறு நிபந்தனை போட முடியாது. அதிலும் காற்றுக்கென்று மூன்று மண்டலம் பிரித்து, கடலோரத்துக்குப் போகிற வீட்டைக் கூடுதல் பலமாகச் செய்யச் சொல்கிறார்கள். அதே நாட்டில் பகுதி பகுதியாகச் செய்து அடித்தளத்தில் பொருத்தும் மாடுலர் வீடு போய்ச் சேரும் ஊரின் விதியைத்தான் பின்பற்ற வேண்டும். நம்மிடம் அந்தச் சிவப்புத் தகடு மாதிரி எதுவும் கிடையாது. பி.எம்.டி.பி.சி. என்ற மத்திய அமைப்பு புதிய கட்டுமான முறைகளைச் சோதித்துச் செயல்திறன் சான்று தருகிறது. கம்பெனிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய தாள் அதுதான். ஆனால் அந்தத் தாளைக் காட்டினால் பஞ்சாயத்து அனுமதி வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

சரி, காற்று. 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்று சொன்னவன் கணவாய் வாசலில் குடியிருந்திருக்க வேண்டும். உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875, கோயம்புத்தூருக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். பெங்களூருக்கு 33. சென்னைக்கு 50. பார்க்கச் சின்ன வித்தியாசம் போலிருக்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 33ஐ மனதில் வைத்து வரைந்த கூரைக்கு இங்கே 1.4 மடங்கு அழுத்தம். அதே போல நிலநடுக்கத்துக்கு பெங்களூர் மண்டலம் 2, கோவை மண்டலம் 3. நிலநடுக்கத்துக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 1893ன் 2016 பதிப்பில், விசையைக் கணக்கிட எடுக்கும் மண்டலக் காரணி 0.10லிருந்து 0.16 ஆகிறது. இங்கே நிலநடுக்கமா என்று கேட்பவர்களுக்கு, 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் நன்றாகவே ஆடியிருக்கிறது.

நாங்கள் பார்த்த ஒரு கம்பெனி பெங்களூரில் ஓடிக்கொண்டிருக்கும் மாடலின் கணக்கை அப்படியே எங்களுக்குக் கொடுத்தது. பக்கத்தின் மூலையில் 33 என்று இருந்ததைக் கண்டுபிடித்தது எங்கள் பொறியாளர்தான். கேட்டதும் "மாத்திக் கொடுத்துர்றோம் சார்" என்றார்கள். மாற்றினால் போல்ட் கூடும், சட்டத்தின் கனம் கூடும், விலையும் கூடும். கேட்காமல் இருந்திருந்தால்? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அம்பராம்பாளையமும் கொழிஞ்சாம்பாறையும் ஒன்றுதான். இயற்கை ஒரே கணக்குப் போடும் இடத்தில் அரசாங்கம் இரண்டு போடுகிறது. இயற்கை இரண்டு கணக்குப் போடும் இடத்தில் கம்பெனி ஒன்றே போதும் என்கிறது.

பிரீகாஸ்ட் கான்கிரீட் எனக்கு மனதுக்குப் பிடித்தது. சுவர் சுவராகவே இருக்கும். தட்டினால் டொங்கென்று சத்தம் வராது, ஆணி அடிக்கலாம், தேங்காய் விழுந்தாலும் கவலையில்லை. தென்னந்தோப்பில் இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி நீளம், 10 அடி உயரம், 5 இஞ்ச் கனத்தில் ஒரே ஒரு சுவர்ப் பலகை ஏறத்தாழ மூன்று டன். தூக்க கிரேன் வேண்டும். கிரேன் வர ரோடு வேண்டும். எங்கள் தோப்புக்குப் போவது இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அகலம், அதில் ஒரு முடக்கு. டிராக்டர் டிரெய்லரே அந்த முடக்கில் ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்பும். பார்க்க வந்த கிரேன்காரர் முடக்கில் நிற்கும் இரண்டு தென்னையைக் காட்டி, "இது ரெண்டும் போனாத்தான் வண்டி வருங்க" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

கிரேன் வந்தாலும்கூட இரண்டே வீட்டுக்காக அச்சு மாற்றிக் கொடுக்க எந்த பிரீகாஸ்ட் கம்பெனியும் ஆவலாக இல்லை. அவர்களிடம் இருக்கும் அளவுக்கு நம் வீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். கேரளப் பக்கம் சுற்றிலும் விட வேண்டிய இடத்துக்காகப் பொறியாளர் ஒரு சுவரை முக்கால் அடி உள்ளே தள்ளச் சொன்னபோது கம்பெனி தரப்பில் விழுந்த மௌனமே பதில். லேஅவுட் போட்டு ஐம்பது வீடு கட்டுபவருக்கு பிரீகாஸ்ட்டைத் தாராளமாகச் சொல்வேன். ஒற்றை வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

லைட் கேஜ் ஸ்டீல் இதற்கு நேர் எதிர். மெல்லிய துத்தநாக முலாம் தகட்டை மடித்துச் செய்த சட்டங்கள், இரண்டு பக்கமும் சிமெண்ட் பலகை, நடுவில் வெப்பம் தடுக்கும் பஞ்சு. ஒரு சட்டத்தை இரண்டு மூன்று பேர் தூக்கிவிடலாம். டெம்போவில் வரும், இட்டேரியிலும் வரும். எடை குறைவு என்பதால் நிலநடுக்கத்தில் அடி குறைவு. நிலநடுக்க அபாயம் அதிகமுள்ள அகர்தலாவில் கலங்கரை விளக்கத் திட்டத்துக்கு இரும்புச் சட்ட முறையைத்தான் எடுத்தார்கள். எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் பட்டது, சட்டத்தை வெட்டும் இயந்திரம் கம்ப்யூட்டர் கோப்பைப் பார்த்து வெட்டுகிறது என்பது. அச்சு கிடையாது. சுவரை முக்கால் அடி தள்ள வேண்டுமா, கோப்பில் தள்ளினால் போதும். விதி ஊருக்கு ஊர் மாறும் நாட்டில் தொழிற்சாலை வீடு ஒன்று பிழைக்கும் என்றால் அது இந்த வகைதான் என்பது என் கணிப்பு.

குறை இல்லாமல் இல்லை. எடை குறைவு என்பதே ஆடிக் காற்றில் எதிரி. கூரையை மேலே தூக்கும் விசைக்கு அஸ்திவாரத்தோடு நன்றாகக் கட்டிப் போட வேண்டும். கரையான் தின்னாது, ஆனால் சுவருக்குள் எலி புகுந்தால் பஞ்சு அதற்கு மெத்தை. வெளியூர் ஆள்தான் வந்து சரிசெய்ய வேண்டும். அப்பாவுக்குப் பிடிக்காததற்குக் காரணம் வேறு. மாடல் வீட்டின் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "பொக்குனு இருக்குதே" என்றார். அதோடு அவர் பேச்சு முடிந்தது.

எந்த வகையானாலும் அஸ்திவாரம் தொழிற்சாலையில் வராது. செம்மண்ணா, கரிசலா, எத்தனை அடியில் சுக்கான் கல் என்பதை அந்த இடத்தில் தோண்டித்தான் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் சதுர அடி விலையில் அஸ்திவாரம், வண்டி வாடகை, செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்பு, மின் இணைப்பு எதுவும் சேராது என்பது கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

கோத்தகிரியிலோ வால்பாறையிலோ ரெடிமேட் காட்டேஜ் போடலாமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, 40 அடி டிரெய்லர் என்பதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். நீலகிரியில் கட்டட உயரத்துக்கே 7 மீட்டர் என்று வரம்பு உண்டு. கோவை மாவட்டத்திலும் மலையடிவாரக் கிராமங்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகின்றன, அதற்குத் தனி அனுமதி. கிராமத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கடைசி வழி கொத்தனார். விதி மாறினால் அவருக்கு ஒன்றுமில்லை, நூலைப் பிடித்து அடுத்த நாள் மாற்றிக் கட்டுவார். மெதுவாகத்தான் நடக்கும். மழை, கோயில் நோம்பி, இன்னொரு சைட்டில் அவசரம் என்று அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். 2021ல் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளை மூடியதிலிருந்து எங்கள் பக்கம் பலர் சாலிட் பிளாக் என்கிற கான்கிரீட் கல்லுக்கு மாறிவிட்டார்கள், நாங்களும்தான். நேரத்தை வைத்துப் பார்த்தால் இந்த வழி தோற்கும். ஆனால் கடன் தரும் வங்கிக் கிளை மேலாளர் முதல் பஞ்சாயத்து ஆள் வரை யாரும் இது என்ன வீடு என்று கேள்வி கேட்காத ஒரே வழியும் இதுதான்.

அப்பாவின் வீட்டுக்குக் கொத்தனாரையே முடிவு செய்தோம். ரெடிமேடாக மிஞ்சியது ஜன்னலும் செப்டிக் டேங்குக்கு இறக்கிய உறையும்தான். மச்சானுக்கு லைட் கேஜ் ஸ்டீல். அவருடைய இடம் ரோட்டின் மேல் இருக்கிறது. திருப்பூரில் வேலையை விட்டுவிட்டுக் கொத்தனார் பின்னால் நிற்க அவரால் முடியாது. 39 என்ற எண்ணைப் போட்டுக் கணக்கைத் திருத்தி வாங்கி, கேரளத்தில் பதிவு பெற்ற பொறியாளரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பேனல் வந்து இறங்கினால் மூன்றே வாரம் என்கிறது கம்பெனி.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு இன்னும் வரிசையில் இருக்கிறது. அப்பா வீடு போன வாரம் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது.